ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் வருகிறார்கள்: அக்காவைத் திருப்பி அனுப்புவதா?

குடகனாறு | வியாழன், இரவு 11:20

எங்கள் ஊர் வேடசந்தூர் பக்கம். நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன். செவ்வாய்க்கிழமை இரவு அக்கா தன் ஏழு வயது மகளோடு கரூரிலிருந்து கடைசி பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறாள். கையில் ஒரு கட்டைப்பை. அதற்குள் பிள்ளையின் பள்ளிச் சீருடை இரண்டு, ஒரு சேலை, ரேஷன் அட்டை. இடது காதில் தோடு இல்லை. காது மடல் கிழிந்து ரத்தம் காய்ந்துபோயிருந்தது. கதவைத் திறந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு வந்தாயா?" என்பது. காது அதற்குப் பிறகுதான் அம்மாவின் கண்ணில் பட்டது.

திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அக்கா இப்படி வருவது இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் இரு வீட்டுப் பெரியவர்களும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினார்கள். "இனி நடக்காது, நான் பொறுப்பு" என்று அத்தானின் சித்தப்பா வாக்குக் கொடுத்தார். எல்லோரும் சாப்பிட்டார்கள். அக்காவுக்குப் புதுச்சேலை எடுத்துக் கொடுத்து அனுப்பினோம். இரண்டாவது முறை பஸ் ஏற்றிவிட்டவன் நான்தான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்த அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் கிளம்பும்போது என் கையைத் தொட்டாள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வருகிறார்கள். "கட்டிக்கொடுத்த பெண்ணை எத்தனை நாள் வைத்துக்கொள்ள முடியும், பையனுக்கும் பெண் பார்க்க வேண்டுமே" என்கிறார் அப்பா. அந்தப் பையன் நான். என் கல்யாணத்துக்காக அக்கா அடி வாங்கப் போக வேண்டும் என்றுதானே இதற்குப் பொருள்? இரண்டு நாளாகத் தூக்கமில்லை. அந்தச் சபையில் நான் என்ன பேச வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

வேப்பமரத்தடி | வெள்ளி, காலை 6:05

தம்பி, உங்கள் வேதனை புரிகிறது. எனக்கு வயது அறுபத்தெட்டு. இப்படிப்பட்ட பேச்சுவார்த்தைகள் முப்பதுக்கும் மேல் நடத்திவைத்திருக்கிறேன். அவசரப்பட்டு எதையும் அறுத்துவிடாதீர்கள். குடியா, கடனா, மாமியாரா, எது காரணம் என்று முதலில் பாருங்கள். குடி என்றால் அதற்கு மருத்துவம் இருக்கிறது. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாக வாழ்வது நம் ஊரில் எளிதல்ல. வாழாவெட்டி என்ற பேரைச் சுமப்பது எவ்வளவு பாரம் என்பதை என் சொந்தத் தங்கையிடம் பார்த்தவன் நான். நிதானமாகப் பேசுங்கள். இரு தரப்புக்கும் நியாயம் இருக்கும்.

இரவுப்பணி | வெள்ளி, காலை 7:30

அரசு மருத்துவமனையில் பதினாறு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையைப் பிறகு பார்க்கலாம். இன்றைக்கே அக்காவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய்க் காதைக் காட்டுங்கள். மூன்று நாள் ஆகிவிட்டதே என்று நினைக்க வேண்டாம். எப்படிக் காயம் பட்டது என்று மருத்துவர் கேட்பார். அவர் கேட்டதை விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். நாங்கள் அதை ஏ.ஆர். என்போம். "கணவர் தோட்டைப் பிடித்து இழுத்தார்" என்று அக்கா சொன்னால் அப்படியே பதிவாகும். "கதவில் மாட்டிக்கொண்டது" என்று சொன்னால் அதுவும் அப்படியே பதிவாகிவிடும். பின்னால் நீதிமன்றத்தில் அந்த ஒரு வரியை மாற்றுவது பெரும்பாடு.

எங்களிடம் வரும் பெண்கள் படியிலிருந்து விழுந்ததாகவும் குளியலறையில் வழுக்கியதாகவும் சொல்வார்கள். முன்கையின் வெளிப்புறத்தில் வரிவரியாகக் கன்றியிருக்கும். முகத்தில் அடி விழாமலிருக்கக் கையை மேலே தூக்குகிறவர்களுக்குத்தான் அந்த இடத்தில் காயம் படும். படியில் விழுகிறவர்களுக்கு அங்கே படாது. பல நேரம் பக்கத்தில் கணவர் நிற்பார், அவர் இல்லாவிட்டால் பெண்ணின் அம்மாவே நிற்பார். நான் ஊசி போட வேண்டும் என்று சொல்லித் திரையை இழுத்துவிட்டு மெதுவாகக் கேட்பேன். பாதிப் பேர் அழுவார்கள். அழுது முடித்த பிறகும் "படி என்றே எழுதுங்கள் சிஸ்டர்" என்பார்கள். அக்காவை அப்படிச் சொல்லவிடாதீர்கள். கூடவே நில்லுங்கள்.

தாழம்பூ | வெள்ளி, காலை 9:48

வேப்பமரத்தடி ஐயா, உங்கள் வயதுக்கு மரியாதை கொடுத்து ஒன்று சொல்கிறேன். இரு தரப்புக்கும் நியாயம் இருக்கும் என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள்.

என் தங்கையைக் கொடுத்தது எங்கள் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில். நான்கு முறை வந்தாள். நான்கு முறையும் அனுப்பினோம். நான்காவது முறை வந்தபோது அவள் எதுவும் சொல்லவில்லை. சமையலறையில் உட்கார்ந்து அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். ஒரு கூடை வெங்காயம். அவ்வளவு வெங்காயத்துக்கு அன்றைக்குத் தேவையே இல்லை. போகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து ஏதாவது வேலை செய்துகொண்டிருந்தாள் என்று எனக்குப் பல மாதம் கழித்துத்தான் உறைத்தது. மறுநாள் அனுப்பிவிட்டோம். பன்னிரண்டாம் நாள் போன் வந்தது.

திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் இப்படி இறந்தால் கோட்டாட்சியர் விசாரிப்பார். எங்களையும் கூப்பிட்டார்கள். "இதற்கு முன் உங்களிடம் ஏதாவது சொன்னாளா?" என்று அவர் கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. சொன்னாள் என்றால், தெரிந்தும் அனுப்பினோம் என்று ஆகும். சொல்லவில்லை என்றால் பொய். அந்த அறையில் மின்விசிறி ஓடிய சத்தம் மட்டும் கேட்டது.

தம்பி, அனுப்பாதீர்கள். எனக்கு வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

குடகனாறு | வெள்ளி, காலை 10:15

தாழம்பூ அக்கா, என்ன சொல்வதென்று தெரியவில்லை. இப்போதே ஊருக்குக் கிளம்புகிறேன். மாலைக்குள் மருத்துவமனைக்குப் போய்விடுவோம்.

வாதிப்பக்கம் | வெள்ளி, பகல் 1:10

திண்டுக்கல், மதுரை நீதிமன்றங்களில் குடும்ப வழக்குகள் நடத்துகிறேன். சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று குற்ற வழக்கு. கணவரும் அவர் வீட்டாரும் செய்யும் கொடுமைக்கானது, முன்பு 498ஏ என்று எல்லோருக்கும் தெரிந்த பிரிவு. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 ஆகியிருக்கிறது. இன்னொன்று 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். இதில் எடுத்த எடுப்பில் யாரையும் சிறையில் போடுவதில்லை. நீதித்துறை நடுவரிடம் 12ஆம் பிரிவில் மனு கொடுத்து, அடிக்கக் கூடாது, நெருங்கக் கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். குடியிருக்கும் உரிமை, ஜீவனாம்சம், பிள்ளையின் பொறுப்பு, நகைகளைத் திருப்பிக் கொடுத்தல் எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். உத்தரவை மீறினால்தான் குற்றம். அதற்கு ஓராண்டு வரை சிறை, இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம். மனு கொடுத்து மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அறுபது நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் இடைக்கால உத்தரவை முன்பே வாங்க முடியும்.

மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். அவரே விவரத்தைப் பதிந்து அறிக்கை தயாரித்து நடுவருக்கு அனுப்புவார், கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைக்கப் பணம் இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச உதவி உண்டு. அவசரம் என்றால் பெண்கள் உதவி எண் 181.

உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இந்தச் சட்டத்தின் விதிகள் 2006இல் வந்தன. அதில் 14ஆம் விதி ஆலோசனை பற்றியது. நீதிமன்றம் அனுப்பும் ஆலோசனையில் எதிர்த்தரப்பு, தான் செய்த வன்முறைக்கு நியாயம் கற்பிக்க அனுமதியே கிடையாது. "அவள் எதிர்த்துப் பேசினாள், அதனால் அடித்தேன்" என்று அங்கே வாயைத் திறக்க முடியாது. நம் திண்ணைப் பேச்சுவார்த்தைகள் தொடங்குவதே அந்த இடத்தில்தான். "நீ என்னம்மா சொன்னாய், அவர் கை நீட்டுகிற அளவுக்கு?" என்பார்கள். பிறகு அரை மணி நேரம் அந்தப் பெண்ணின் வாய், அவள் வைத்த குழம்பு, அவள் பேசிய போன் எல்லாம் விசாரணைக்கு வரும். அடி ஓரத்துக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்தக் கேள்வியை யாரையும் கேட்கவிடாதீர்கள்.

நேர்வழி | வெள்ளி, பகல் 2:36

தம்பியின் அக்காவைப் பற்றி நான் சந்தேகப்படவில்லை. காது கிழிந்த பிறகு பேச என்ன இருக்கிறது. ஆனால் என் நண்பன் வீட்டில் சாதாரணச் சண்டைக்கு எழுபது வயது தாயின் பெயரையும் சேர்த்துப் புகார் கொடுத்து, அந்த அம்மா நிலையத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்ததை நேரில் பார்த்தவன் நான். வழக்கு என்று இறங்கினால் இரண்டு குடும்பமும் அழியும் என்ற பயத்தில் உண்மை இருக்கிறது. அதையும் பேச வேண்டும்.

வாதிப்பக்கம் | வெள்ளி, பகல் 3:02

பேசலாம். அந்த அம்மாவுக்கு நடந்தது தவறு. 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 498ஏ பிரிவில் புகார் வந்த உடனே இயந்திரம் போலக் கைது செய்யக் கூடாது, கைது ஏன் தேவை என்று காவல்துறை எழுதிக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டது. அந்தப் பாதுகாப்பு பல ஆண்டுகளாக இருக்கிறது. ஆனால் பொய்ப் புகார் என்ற சொல் எங்கே அதிகம் வேலை செய்கிறது என்று பாருங்கள். நீதிமன்றத்தில் அல்ல, வீட்டுக்குள்ளே. "கேஸ் கொடுத்தால் பொய்க் கேஸ் என்பார்கள்" என்று சொல்லியே உண்மையாக அடிபட்டவளை நிறுத்திவிடுகிறார்கள்.

எண்ணும்மையும் | வெள்ளி, மாலை 5:20

சில எண்கள். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, 2019-21. தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரை உள்ள திருமணமான பெண்களில் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள் நூற்றுக்கு 38 பேர். இந்திய அளவில் அது 29தான். படிப்பிலும் மருத்துவத்திலும் முன்னால் நிற்கும் மாநிலம் நாம்.

அதே ஆய்வில், வன்முறைக்கு ஆளான பெண்களில் நாடு முழுவதும் 77 சதவீதம் பேர் யாரிடமும் சொன்னதே இல்லை, உதவியும் கேட்கவில்லை. கேட்டவர்கள் 14 சதவீதம். அவர்களிலும் பெரும்பாலோர் போய் நின்றது சொந்தக் குடும்பத்தின் வாசலில். போலீஸ், வழக்கறிஞர் என்று போனவர்கள் மிகச் சிலர். நேர்வழி அண்ணா, வழக்குகள் பெருகிவிட்டன என்று நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் வழக்கு வரை வருகிறவர்கள் ஒரு கைப்பிடி. மற்றவர்களுக்கு நீதிமன்றம் என்பது அவர்களுடைய அப்பா, அம்மா, அண்ணன், தம்பிதான்.

அடிப்பது சரியா என்றும் நாடு முழுவதும் கேட்டிருக்கிறார்கள். ஏதாவது ஒரு காரணத்துக்காவது கணவன் மனைவியை அடிப்பது நியாயம் என்று சொன்ன பெண்கள் 45 சதவீதம், ஆண்கள் 44 சதவீதம். மிக அதிகமானவர்கள் ஒப்புக்கொண்ட காரணம், மாமனார் மாமியாரை மதிக்காதது.

காக்கிக்காலம் | வெள்ளி, இரவு 8:45

அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் மகளிர் நிலையம் திறந்தபோது நான் பணியில் சேர்ந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஆண்கள் நிறைந்த நிலையத்துக்குள் கால் வைக்கப் பயந்த பெண்கள் எங்களிடம் வந்தார்கள். அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு.

ஆனால் வந்தவர்களை நாங்கள் என்ன செய்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். மனுவை வாங்கி, வாங்கியதற்கு அடையாளமாக சி.எஸ்.ஆர். என்ற ரசீது கொடுப்போம். முதல் தகவல் அறிக்கை போடுவது கடைசி. கணவனை வரவழைப்போம். சத்தம் போடுவோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். பிறகு பெண்ணிடம், "குழந்தை முகத்தைப் பாரும்மா" என்போம். கடைசியில் இருவரிடமும் எழுதி வாங்குவோம். பதிவேட்டில் "இரு தரப்பினரையும் விசாரித்து அறிவுரை கூறி அனுப்பிவைக்கப்பட்டது" என்று முடிப்போம். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை அந்த வாக்கியத்தை என் கையால் எழுதியிருக்கிறேன். குடும்பத்தைச் சேர்த்துவைத்தோம் என்று நிஜமாகவே நம்பினேன். சேர்த்துவைத்த எண்ணிக்கையைச் சொல்லிப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன்.

அனுப்பிவைத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்க்க எங்களிடம் ஒரு பதிவேடு கிடையாது. மறுபடியும் வந்தால்தான் தெரியும். வராவிட்டால் நன்றாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொள்வோம். தாழம்பூ எழுதியதைப் படித்த பிறகு, வராதவர்களில் எத்தனை பேர் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

தம்பி, நிலையத்துக்குப் போனால் எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். மேல் நடவடிக்கை வேண்டாம் என்று அக்கா கையெழுத்துப் போடக் கூடாது. சி.எஸ்.ஆர். ரசீதின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முல்லைநிலம் | வெள்ளி, இரவு 10:30

சபையில் சொல்ல முடியாதது ஒன்றும் இருக்கிறது. பத்து ஆண்கள் உட்கார்ந்த திண்ணையில் அடித்ததைச் சொல்லலாம், குடித்ததைச் சொல்லலாம். இரவில் நடப்பதை எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள். எனக்கு ஏழு ஆண்டு அப்படி நடந்தது. என்ன குறை என்று பெரியவர்கள் கேட்டபோது "கோபம் அதிகம்" என்று மட்டும் சொன்னேன். "கோபம் எந்த ஆம்பளைக்கு இல்லை" என்று முடித்துவிட்டார்கள். தண்டனைச் சட்டத்தில் மனைவி பதினெட்டு வயதைக் கடந்தவள் என்றால் அது வன்புணர்ச்சி ஆகாது என்ற விதிவிலக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும் அதையும் வன்முறை என்று ஒப்புக்கொள்கிறது. அந்தச் சொல்லைப் பாதுகாப்பு அலுவலரின் படிவத்தில் பார்த்த அன்றைக்குத்தான், நடந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

உங்கள் அக்கா சொன்னது பாதியாக இருக்கலாம் தம்பி. மீதியைக் கேட்காதீர்கள். சொன்ன பாதியே போதும் என்று நடந்துகொள்ளுங்கள்.

குடகனாறு | சனி, காலை 5:50

மருத்துவமனைக்குப் போய் வந்தோம். நடந்ததை அக்கா அப்படியே சொன்னாள். ஏ.ஆர். நகலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

ஒன்றை முதலில் எழுதாமல் விட்டுவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருமணமான இரண்டாம் ஆண்டு அப்பா அக்காவைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போய், சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார். வீடும் இரண்டு ஏக்கரும் என் பெயருக்கு வந்தன. சீர் செய்தாயிற்று, அது அவள் பங்கு என்றார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டே போட்டாள். நானும் அப்போது அதைப் பற்றி யோசிக்கவில்லை. நேற்று இரவு அவள் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். அவளுடைய பழைய அறையில் நிலக்கடலை மூட்டை அடுக்கியிருக்கிறது. "நான் எங்கே இருக்கிறது தம்பி, இது உன் வீடு" என்று சாதாரணமாகச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வாதிப்பக்கம் | சனி, காலை 8:20

எல்லா ஊரிலும் நடப்பதுதான் இது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனோடு சம பங்கு என்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் திருத்திவிட்டது. மத்திய அரசு அதைச் செய்தது 2005இல். சட்டம் கொடுத்த பங்கை விடுதலைப் பத்திரத்தில் எழுதி வாங்கிவிடுகிறோம். பிறந்த வீட்டில் ஓர் அறை தனக்கு உரிமை என்று இருக்கும் பெண்ணிடம் "எத்தனை நாள் இருப்பாய்" என்று யாரும் கேட்க முடியாது. உங்கள் பெயரில் இருப்பதை அவளுக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்க முடியும். அவசரமில்லை, யோசித்துச் செய்யுங்கள்.

வேப்பமரத்தடி | சனி, இரவு 9:15

இரண்டு நாளாக எல்லோரும் எழுதியதைப் படித்தேன். முப்பது பேச்சுவார்த்தை என்று முதலில் எழுதினேன். இன்று உட்கார்ந்து அந்தப் பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். மாப்பிள்ளைகளின் முகம் நினைவிருக்கிறது. மாமனார்கள் பேசியது நினைவிருக்கிறது. பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்றார்கள். யாரையும் முன்னால் கூப்பிட்டு உட்காரவைத்ததில்லை. என் தங்கையையும்தான். அவள் தானாகப் பிரிந்து வரவில்லை. அனுப்பிய இடத்திலிருந்து அவர்கள் துரத்திவிட்ட பிறகுதான் வந்தாள். அதை நான் முதலில் எழுதவில்லை.

நாளைக்கு அக்காவை நாற்காலி போட்டு உட்காரவையுங்கள் தம்பி. அவள் நிற்கக் கூடாது.

குடகனாறு | ஞாயிறு, இரவு 10:40

அத்தான் வரவில்லை. சித்தப்பாவும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். அக்காவுக்கு என் பக்கத்தில் நாற்காலி போட்டேன். ஒருவர் முகம் சுளித்தார். காதைக் காட்டி, இது எப்படி நடந்தது என்று கேட்டேன். சித்தப்பா, "அவள் என்ன பேசினாள் என்று முதலில் கேளுங்கள்" என்று ஆரம்பித்தார். "அந்தக் கேள்வி இந்த வீட்டில் இல்லை" என்றேன். என் குரல் நடுங்கியது. இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. "பெரியவர்களுக்கு மரியாதை இல்லாத வீடு" என்று எழுந்தார். சாப்பாடு தயாராக இருந்தது. யாரும் சாப்பிடவில்லை. அம்மா அழுதாள், என்னைத் திட்டினாள். எதுவும் முடிவாகவில்லை. அக்கா போகவில்லை, அவ்வளவுதான்.

அப்பா சபையில் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது வருத்தம். மாலையில் அவரே ஆள் கூப்பிடாமல் நிலக்கடலை மூட்டைகளை ஒவ்வொன்றாகத் திண்ணைக்கு இழுத்துக்கொண்டிருந்தார். நானும் போய்ப் பிடித்தேன். அறையைக் கூட்டி முடித்ததும் பிள்ளை தன் சீருடையை எங்கே மாட்டுவது என்று கேட்டாள்.

நாளை காலை திண்டுக்கல்லில் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கப் போகிறோம். வாதிப்பக்கம் அக்கா, இரண்டு சந்தேகம். நகைகளை அத்தான் அடகு வைத்திருக்கிறார், ரசீது அவர் பெயரில். அது அக்காவின் நகை என்று எப்படிக் காட்டுவது? மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் பிள்ளையை இங்கே பள்ளியில் சேர்ப்பார்களா?

வாதிப்பக்கம் | ஞாயிறு, இரவு 11:05

கல்யாண ஆல்பம், நகை வாங்கிய பில், உடன் வந்தவர்களின் சாட்சி எல்லாம் உதவும். பில் இல்லாவிட்டால் கடையில் பழைய பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். கிழிந்த காதில் இருந்த தோட்டின் ஜோடி அக்காவிடம் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். கல்யாணப் படத்தில் அதே தோடு தெரியும். அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை மாற்றுச் சான்றிதழ் தாமதம் என்ற காரணத்துக்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது, கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆதாரும் ரேஷன் அட்டையும் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலகம் பத்து மணிக்குத் திறக்கும். முன்னதாகவே போய்விடுங்கள்.